சீனன்குடா: கடலைப் பிடிக்க வந்தவர்களும் காக்க வந்தவர்களும்

1782 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே பிரித்தானியக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் பொழுது சாயும்வரை பீரங்கியால் சுட்டுக்கொண்டன. சில நாட்களுக்கு முன்புதான் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்திருந்தார். அதைக் காப்பாற்றப் பிந்தி வந்து சேர்ந்த அட்மிரல் ஹியூஸ், வெற்றி யாருக்கு என்று தெளிவாகாமலே மதராஸுக்குத் திரும்பினார்.

238 ஆண்டுகள் கழித்து, 2020 ஆம் ஆண்டின் அதே செப்டெம்பர் 3 ஆம் திகதி, இலங்கையின் அதே கிழக்குக் கடலில் இன்னொரு நெருப்பு எழுந்தது. குவைத்தில் ஏற்றிய 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த 'நியூ டயமண்ட்' என்ற கப்பலின் இயந்திர அறையில் கொதிகலன் வெடித்தது. அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே 38 கடல் மைல் தொலைவு. 23 மாலுமிகளில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். இந்த முறை விரைந்த கப்பல்கள் ஒன்றையொன்று சுடுவதற்காக வரவில்லை. இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் முதலில் போயின. இந்தியக் கடலோரக் காவல்படையின் 'சௌரியா', 'சாரங்', 'சமுத்ர பஹ்ரேதார்' ஆகிய கப்பல்களும் இந்தியக் கடற்படையும் வந்து சேர்ந்தன. அந்த நேரம் அம்பாந்தோட்டையில் நின்ற ரஷ்யக் கப்பல்களும் உதவிக்குப் புறப்பட்டன.

நெருப்பு ஒரு தடவை அடங்கி மீண்டும் மூண்டது. செப்டெம்பர் 9 அளவில்தான் முற்றாக அணைந்தது. கப்பலின் சொந்த எரிபொருளான டீசல் கடலில் கசிந்து படலமாகப் பரவ, இந்திய டோர்னியர் விமானம் அதன்மேல் எண்ணெயைச் சிதறடிக்கும் இரசாயனத்தைத் தூவியது. மசகு எண்ணெய் கசியவில்லை. அந்தச் சரக்கு எவ்வளவு என்று அறிய விரும்புபவர் சீனன்குடாவுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே காட்டுக்குள் நிற்கும் பிரமாண்டமான எண்ணெய்க் குதங்களில் ஏறக்குறைய இருபத்தைந்தை அது நிரப்பிவிடும்.

ஒரு பொதுக் கடலுக்கு நாடுகள் ஒன்றுசேர்ந்து வருவது புதிதல்ல. எதற்காகச் சேர்ந்தார்கள் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் முழுவதையும் திருகோணமலைத் துறைமுகத்தின் உள்வளைவில், தம்பலகாமத்துக்கும் கிண்ணியாவுக்கும் போகிற பாதையில் உள்ள சீனன்குடாவில் நின்று பார்க்க முடியும்.

கோட்டைகளின் காலம்

திருகோணமலையின் உட்துறைமுகம் 1,630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு. நான்கு பக்கமும் குன்றுகள், ஒடுங்கிய வாயில், கரையோரம்வரை ஆழம். வாயிலுக்கு வெளியே கொட்டியாரக்குடா. மகாவலி கங்கை வந்து கலக்கும் அந்தக் குடாவுக்கு அடியில் கடற்படுகை திடீரெனப் பிளந்து, உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்றாக ஆழ்கடலுக்கு இறங்குகிறது. வடகீழ்ப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையில் கப்பல் நிறுத்த முடியாத மாதங்களில், வங்காள விரிகுடாவின் மேற்குப் பக்கத்தில் பாய்க்கப்பல் படைக்குக் கிடைத்த பத்திரமான பெரிய ஒதுங்குமிடம் இதுதான்.

ஆகவே எல்லோரும் வந்தார்கள். 1620 இல் டென்மார்க்கின் ஓவ் கேடே வந்து கோட்டை கட்ட முயன்றார். இங்கே கால் ஊன்ற முடியாத அந்த டேனியர்களுக்குத் தஞ்சை நாயக்கர் தரங்கம்பாடியைக் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக்கொண்டே கோட்டை எழுப்பினர். 1639 இல் ஒல்லாந்தர், 1672 இல் சிறிது காலம் பிரெஞ்சுக்காரர், திரும்பவும் ஒல்லாந்தர், 1782 ஜனவரியில் பிரித்தானியர், அதே ஆண்டு ஓகஸ்டில் மறுபடி பிரெஞ்சுக்காரர், சமாதானத்துக்குப் பிறகு ஒல்லாந்தர், கடைசியாக 1795 இல் பிரித்தானியர். 1802 ஆம் ஆண்டின் அமியன் உடன்படிக்கையோடு இந்தக் கைமாற்றம் ஓய்ந்தது.

இந்த நீண்ட பட்டியலில் கடலைக் காப்பது என்றால் ஒரே பொருள்தான் இருந்தது: மற்றவன் வராமல் பார்த்துக்கொள்வது. மீனோ திமிங்கிலமோ பவளப்பாறையோ எந்தத் தளபதியின் கணக்கிலும் வரவில்லை.

குதங்களின் காலம்

முதலாம் உலகப் போரை ஒட்டிப் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. அதற்குப் பிறகு சாம்ராச்சியத்தின் கப்பற்பாதை நெடுகிலும் எண்ணெய்க் கிடங்குகள் தேவைப்பட்டன. 1920களிலும் 1930களிலும் சீனன்குடாவில் உருக்குக் குதங்கள் எழுந்தன. மேட்டு நிலத்தில் ஒரு தொகுதி, கடலை அண்டித் தாழ்நிலத்தில் ஒரு தொகுதி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளளவு. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட குதங்களில் இன்று எஞ்சியிருப்பவை 99. பக்கத்திலேயே விமானத்தளம். ரயில் பாதையும் வந்தது. சீனன்குடாவுக்கென்று ஒரு புகையிரத நிலையமும் உண்டு.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் பிரித்தானியக் கீழைக் கடற்படைக்கு இலங்கை முக்கிய புகலிடமாயிற்று. ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 காலையில் திருகோணமலை. துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுக்கு இலக்காயின. அடிபட்ட ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்க் குதம் ஒன்றின்மீது மோதியதாகவும், அந்தத் தீ ஏழு நாட்கள் எரிந்ததாகவும் திருகோணமலையில் இன்றும் சொல்வார்கள். உருகி நெளிந்த அந்தக் குதத்தின் உருக்குச் சுவர்களை இப்போதும் காணலாம். தாக்குதல் வருமென்று முன்கூட்டியே துறைமுகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதோடு இறந்தனர். துணைக்குப் போன அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயரும்' எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் அதே கடலுக்கு இரையாயின.

துறைமுகத்துக்குள் குண்டுபட்ட 'சகாயிங்' என்ற பயணிகள் கப்பல் முக்கால் நூற்றாண்டு நீருக்கடியில் கிடந்தது. இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் மாதக்கணக்கில் உழைத்து 2018 மார்ச்சில் அதை மிதக்கவைத்து அப்புறப்படுத்தினார்கள். போர் முடிந்தாலும் அதன் இரும்பையும் எண்ணெயையும் கடல் சுமந்துகொண்டே இருக்கும் என்பதற்கு இந்தக் கரையில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை.

பல நாடுகள் ஒரே கட்டளையின்கீழ் சேர்ந்து கடலுக்குப் போவதையும் திருகோணமலை அந்தப் போரில்தான் கண்டது. 1944 ஏப்ரலில் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்க இங்கிருந்து புறப்பட்ட படையில் பிரித்தானிய, அமெரிக்க, பிரெஞ்சு, ஒல்லாந்த, அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கப்பல்கள் இருந்தன. அமெரிக்காவின் 'சரடோகா'வும் பிரான்சின் 'ரிஷெலியூ'வும் ஒரே அணியில் சென்றன. ஆறு நாட்டுக் கொடிகள். அவற்றுள் ஒன்றுகூட இந்தக் கடலின் கரையில் வாழ்ந்த மக்களுடையதல்ல.

அந்தக் கணக்கு மாறத் தொடங்கியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1947 பாதுகாப்பு உடன்படிக்கையின்படி தளங்கள் பிரித்தானியர் கையிலேயே இருந்தன. 1956 தேர்தலில் வென்ற எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அவற்றைத் திரும்பக் கேட்டார். 1957 ஒக்டோபர் 15 ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையின் வசமானது. சீனன்குடா விமானத்தளமும் கைமாறியது. இப்போது இலங்கை விமானப்படையின் கல்விக்கழகம் இருப்பது அங்கேதான்.

நியூயோர்க்கில் ஒரு தீர்மானம்

தளங்களை மீட்ட நாடு, அடுத்து முழுச் சமுத்திரத்தையும்பற்றிப் பேசத் துணிந்தது. 1970 இல் லுசாகா அணிசேரா மாநாட்டில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் யோசனையை முன்வைத்தார். மறு ஆண்டு ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் அதை விரிவாகப் பேசினார். 1971 டிசெம்பர் 16 ஆம் திகதி 2832 ஆம் இலக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 61, எதிர்ப்பு இல்லை. ஆனால் வாக்களிக்காமல் விலகி நின்றவை 55 நாடுகள். அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா, பிரான்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம்.

விலகி நின்றவர்கள் கையில்தான் போர்க்கப்பல்கள் இருந்தன. அதே காலத்தில் டியகோ கார்சியாத் தீவில் அமெரிக்கத் தளம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த மக்கள் 1973 க்குள் வெளியேற்றப்பட்டார்கள். தீர்மானத்தை நடைமுறைக்குக் கொண்டுவர ஐ.நா. அமைத்த விசேட குழுவுக்கு இலங்கையே தலைமை வகித்தது. 1981 இல் கொழும்பில் கூட்டத் திட்டமிட்ட மாநாடு கூடவேயில்லை. 1989 இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் பிரான்சும் குழுவைவிட்டே வெளியேறின.

இந்தத் தோல்விக்கு வல்லரசுகளை மட்டும் குறை சொல்வது வசதியான விளக்கம். கரையோர நாடுகளும் ஒன்றையொன்று நம்பவில்லை. இந்தியாவின் வளர்ந்துவரும் படைபலத்தைப் பாகிஸ்தானும் சிறிய நாடுகளும் கவலையோடு பார்த்தன. வெளிவல்லரசுகள் விலகுவதே முதல் வேலை என்றது இந்தியா. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. சமுத்திரம், அதன்மேலுள்ள வான், அடியிலுள்ள படுகை என்று தீர்மானம் எல்லாவற்றையும் தழுவிப் பேசியது. ஆயினும் அதன் கவலை ஆயுதங்கள்பற்றியதே. கடல் தன்னளவில் காக்கப்பட வேண்டிய ஒன்று என்ற எண்ணம் அதில் மங்கலாகக்கூட இல்லை.

அந்த எண்ணத்தைச் சட்டமாக்கும் வேலையில் முன்னின்றவரும் ஓர் இலங்கையரே. ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க 1973 இலிருந்து 1980 டிசெம்பரில் காலமாகும்வரை ஐ.நா. கடற்சட்ட மாநாட்டின் தலைவராக இருந்தார். அவருக்குப்பின் சிங்கப்பூரின் டொமி கோ அதை முடித்துவைத்தார். 1982 இல் கையெழுத்தான கடற்சட்ட சமவாயத்தின் 192 ஆம் உறுப்புரை, கடற்சூழலைப் பேணிக் காப்பது ஒவ்வொரு நாட்டினதும் கடமை என்கிறது. 197 ஆம் உறுப்புரை, அதற்காக நாடுகள் பிராந்திய அளவில் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 உடன்படிக்கைகளால் பாக்கு நீரிணை, மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா ஆகிய மூன்றிலும் கோடு கிழித்துப் பங்கு பிரித்தாயிற்று. பிரித்த பிறகுதான் சேர்ந்து காப்பதுபற்றிய பேச்சு வந்தது.

திமிங்கிலங்களுக்கு ஒரு சரணாலயம்

சமாதான வலயம் சாதிக்காததில் ஒரு சிறு பங்கை வேறொரு மேசை சாதித்தது. 1979 இல் சீசெல்ஸ் முன்வைத்த யோசனையை ஏற்றுச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. வணிக வேட்டைக்குத் தடை. முதலில் பத்து ஆண்டுகளுக்கு மட்டும். பிறகு நீட்டப்பட்டு, 1992 இல் காலவரையறை இன்றி நிலைத்தது.

சரணாலயத்தை அறிவித்தால் போதாது, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். உலக வனவிலங்கு நிதியத்தின் ஆதரவோடு 'துலிப்' என்ற சிறு பாய்க்கப்பல் 1980களின் தொடக்கத்தில் வந்தது. கனேடிய உயிரியலாளர் ஹால் வைட்ஹெட் முதலானோர் திருகோணமலைக்கு வெளியே எண்ணெய்த் திமிங்கிலங்களையும் நீலத்திமிங்கிலங்களையும் பின்தொடர்ந்து குறிப்பெடுத்தனர். கரையிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு பெரிய திமிங்கிலங்கள் வருவதற்குக் காரணம் கொட்டியாரக்குடாவின் அந்தக் கடலடிப் பள்ளத்தாக்குதான். அட்மிரல்களுக்கு ஆழமான நங்கூரத்துறை தந்த அதே நில அமைப்பு, திமிங்கிலங்களுக்கு இரையைத் தந்துகொண்டிருந்தது.

1983 இல் உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு அந்தக் கடல் ஆய்வுக்கும் மீனவருக்கும் சேர்ந்தே மூடிக்கொண்டது. கொட்பேயிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் படகு இறக்க அனுமதி தேவைப்பட்ட ஆண்டுகள் அவை. திமிங்கிலம் பார்க்கும் படகுகள் திருகோணமலையிலிருந்து ஒழுங்காகப் புறப்பட 2009 க்குப் பிந்திய காலம் வர வேண்டியிருந்தது.

குதங்கள் ஒப்பந்தத்துக்குள் வந்த கதை

1980களின் தொடக்கத்தில் சீனன்குடாக் குதங்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட இலங்கை அரசு கேள்விப்பத்திரம் கோரியபோது புதுடில்லி பதறியது. எண்ணெய்க் குத்தகையின் பின்னால் அமெரிக்கக் கடற்படை வருகிறதோ என்பது அங்கே எழுந்த சந்தேகம். 1987 ஜூலை 29 ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இரண்டு வரிகள் இந்தக் குடாவைப் பற்றியவை. திருகோணமலையையோ வேறெந்தத் துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான இராணுவப் பயன்பாட்டுக்கு எந்த நாட்டுக்கும் கொடுப்பதில்லை என்பது ஒன்று. எண்ணெய்க் குதங்களைப் புதுப்பித்து நடத்துவதை இரு நாடுகளும் கூட்டுமுயற்சியாக மேற்கொள்ளும் என்பது மற்றது.

கூட்டுமுயற்சி நடைமுறைக்கு வர எடுத்த காலம் ஒரு தலைமுறைக்கும் அதிகம். 2003 இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைத் துணை நிறுவனமான லங்கா ஐஓசி பொறுப்பேற்றது. தாழ்நிலத் தொகுதியின் குதங்களே பயன்பாட்டுக்கு வந்தன. மேட்டுத் தொகுதியைக் காடு மூடிற்று. 2022 ஜனவரியில் புதிய உடன்பாடு: 14 குதங்கள் லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 ஐயும் இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன.

இவை எல்லாம் எண்ணெயைப் பற்றிய ஒத்துழைப்பு. எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்பதைப் பற்றியவை அல்ல.

அலை வந்த பிறகு

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது வங்காள விரிகுடாவில் எச்சரிக்கை அமைப்பே கிடையாது. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து கிழக்கிலங்கையை அலை எட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் மறுநாளே திருகோணமலைக்கும் காலிக்கும் நிவாரணத்தோடு வந்தன. உதவி வந்தது, எச்சரிக்கை வரவில்லை.

ஆறே மாதத்தில், 2005 ஜூனில், யுனெஸ்கோவின் சமுத்திரவியல் ஆணையம் இந்து சமுத்திர ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பை உருவாக்கத் தீர்மானித்தது. இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் 2011 இலிருந்து முழுப் பிராந்தியத்துக்கும் எச்சரிக்கை வழங்கும் பொறுப்பை ஏற்றன. இந்தியாவின் நிலையம் ஹைதராபாத்தில் உள்ளது. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது அமைப்புக்கு முதல் பெரிய பரீட்சை. இலங்கையின் கிழக்குக் கரையில் மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை, செய்தி வந்தது.

சமாதான வலயம் இருபது ஆண்டுகள் பேசியும் நடக்காததை, எச்சரிக்கை அமைப்பு ஆறு ஆண்டுகளில் செய்து முடித்ததன் காரணம் வெளிப்படை. யாருடைய இறைமையையும் அது தொடவில்லை. வேலை எது, யார் செய்வது, எத்தனை நிமிடத்தில் செய்வது என்பது எழுதப்பட்டிருந்தது.

ஐந்து நாடுகளும் ஒரு திட்டமும்

கடல் மாசுக்கு இப்படியொரு ஏற்பாடு தெற்காசியாவில் உண்டா? காகிதத்தில் உண்டு. 1982 இல் அமைந்த தெற்காசியச் சுற்றாடல் கூட்டுறவு நிகழ்ச்சித்திட்டத்தின் தலைமையகம் கொழும்பில் இருக்கிறது. அதன்கீழ் 1995 மார்ச்சில் புதுடில்லியில் பங்களாதேஷ், இந்தியா, மாலைதீவு, பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்தும் தெற்காசியக் கடல்களுக்கான செயற்றிட்டத்தை ஏற்றன. கரையோர முகாமைத்துவம், எண்ணெய்க் கசிவுக்கான அவசரத் திட்டம், ஆட்களைப் பயிற்றுதல், தரையிலிருந்து வரும் கழிவைக் கட்டுப்படுத்தல் என்ற நான்கும் அதன் முன்னுரிமைகள். எண்ணெய், இரசாயனக் கசிவுக்கான பிராந்திய அவசரத் திட்டத்துக்கான புரிந்துணர்வு உடன்படிக்கைக்கு இந்தியா இசைந்தது 2018 இல்தான். 1995 ஐயும் 2018 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேகம் புரியும்.

இன்னும் முக்கியமான குறை, சட்டவலுவுள்ள சமவாயம் இல்லாமை. மத்தியதரைக் கடல் நாடுகள் 1976 இலேயே பார்சிலோனாவில் அதைச் செய்துவிட்டன. 'நியூ டயமண்ட்' எண்ணெய் ஏற்றிய பாரசீக வளைகுடாவில் 1978 இல் குவைத் சமவாயம் கையெழுத்தானது. ஈரானும் ஈராக்கும் இரண்டுமே கையெழுத்திட்டன. 1982 இலிருந்து பஹ்ரைனில் கடல் அவசர உதவி மையம் ஒன்று இயங்குகிறது. 1983 இல் ஈரானின் நவ்ரூஸ் எண்ணெய்க் கிணறுகள் உடைந்தபோது ஈரான்-ஈராக் போர் அந்த ஒத்துழைப்பை முடக்கியது என்பதும் உண்மை. ஆனாலும் போரையும் தாண்டி அமைப்பு எஞ்சியது. அந்தக் கப்பல், சட்டவலுவுள்ள சமவாயமும் அவசர மையமும் கொண்ட கடலில் சரக்கேற்றி, இரண்டுமே இல்லாத கடலில் எரிந்தது.

அப்படியென்றால் 2020 இல் உதவி எப்படி இவ்வளவு விரைவாக வந்தது? இரு நாட்டுப் படைகளுக்கும் பழகிய பாதை அது. 2005 இலிருந்து 'ஸ்லினெக்ஸ்' கூட்டுப் பயிற்சி நடக்கிறது. 2018 இலும் 2020 ஒக்டோபரிலும் அது திருகோணமலைக்கு வெளியேதான் நடந்தது. இந்தியாவும் மாலைதீவும் 1991 இல் தொடங்கிய 'தோஸ்தி' பயிற்சியில் 2012 இலிருந்து இலங்கையும் சேர்ந்தது. இலங்கைக் கடற்படை அனுப்பிய 'சயுர', 'சிந்துரல' ஆகிய கப்பல்களே இந்தியாவில் கட்டப்பட்டவை. எரிந்த கப்பலின் சரக்கு இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கு உரியது என்பதையும் மறக்கக்கூடாது. தன் எண்ணெயைக் காக்க வந்த நாடு அயலவரின் கரையையும் காத்தது. நலன்கள் ஒத்துப்போன நல்ல நாள் அது.

ஒத்துப்போகாத நாள் எட்டே மாதத்தில் வந்தது. 2021 மே மாதம் 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பலில் நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசியத் தொடங்கியது. கட்டாரின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீராத் துறைமுகமும் அதை இறக்கிக்கொள்ளவில்லை. மே 20 ஆம் திகதி கொழும்புக்கு வெளியே கப்பல் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். தீ பற்றிய பிறகு இந்தியக் கப்பல்கள் வந்து போராடின. தீப்பற்றுமுன் அந்த ஒற்றைக் கொள்கலனை ஏற்க யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. நீர்கொழும்பு மீனவர் மாதக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி கப்பல் தரப்புக்கு உத்தரவிட்டது.

இதற்குப் பிறகும் ஏற்பாடுகள் கூடிக்கொண்டுதான் போகின்றன. இந்தியா 60 இலட்சம் டொலர் கொடையாகத் தந்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் 2024 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் இந்தியா, இலங்கை, மாலைதீவு, மொரீசியஸ் ஆகியவை கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டுக்குச் சாசனமும் செயலகமும் அமைக்கக் கையெழுத்திட்டன. இவை பெரும்பாலும் காவல், மீட்பு, உளவு என்ற பழைய கணக்கில் எழுந்தவை. மாசு அவற்றில் ஓர் உபபிரிவு.

இப்போது குதங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். 61 குதங்கள் புதுப்பிக்கப்பட்டு எரிசக்தி மையமும் வந்தால், ஒடுங்கிய வாயிலைக் கொண்ட ஒரு மூடிய குடாவுக்குள் எண்ணெய்க் கப்பல்களின் போக்குவரத்துப் பெருகும். மாவு ஆலையும் சீமெந்து ஆலையும் ஏற்கெனவே அந்தக் கரையில் இயங்குகின்றன. உட்துறைமுகத்தில் ஒரு கசிவு ஏற்பட்டால் கிண்ணியா மீனவரின் வலை, கொட்டியாரக்குடாவின் இறால், நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு தேசியப் பூங்காவின் பவளப்பாறை, பள்ளத்தாக்கின் திமிங்கிலம் எல்லாம் ஒரே கசிவின் எல்லைக்குள் வரும். 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் வலுவூட்டப்பட்ட கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபை தனியே தாங்கக்கூடிய சுமை அல்ல இது.

செய்ய வேண்டியவை மூன்று. குதங்களுக்கான முதலீட்டு ஒப்பந்தங்களிலேயே மிதவைத் தடுப்புகள், எண்ணெய் வாரும் படகுகள், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் ஆகியவற்றுக்கான செலவை எழுதிச் சேர்க்க வேண்டும். தெற்காசியக் கடல்களின் அவசரத் திட்டத்துக்கு பஹ்ரைனில் இருப்பதுபோல் ஒரு நிலையான மையம் வேண்டும். வங்காள விரிகுடாப் பக்கத்தில் அதற்குச் சீனன்குடாவைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைக்காது. விமானத்தளம், துறைமுகம், ரயில், கடற்படைத் தளம் நான்கும் ஒரே குடாவில் இருக்கின்றன. ஆபத்தான சரக்கை எந்தத் துறைமுகம் ஏற்க வேண்டும் என்பதற்கு ஐந்து நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஒரு சமவாயம் எழுதப்பட வேண்டும். 1995 இல் ஏற்ற திட்டம் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதைச் சட்டமாக்கும் முதல் வரைவைக் கொண்டுவரும் தகுதியும் தேவையும், 1971 இல் இந்தச் சமுத்திரத்துக்காக உலக சபையில் எழுந்து பேசிய இலங்கைக்கே அதிகம்.